அர்த்தனாரியின் வண்டியும் என் இரண்டு நாட்களும்

தம்பிகளே, என்னைப் பார்க்கிற புதுப் பையன்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களை ரொம்பத் திணறடித்த வேலை எதுங்க? லாரி நடுரோட்டில் தீப்பிடித்தது, போர் போடுகிற ரிக் வண்டி மலையடிவாரத்தில் செத்து நின்றது என்று ஏதாவது வரும் என வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அதெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் தீப்பிடித்த வண்டியில் குழப்பம் ஏது? தீ தெரிகிறது, அணைக்கிறோம். என்னைப் பன்னிரண்டு நாள் பைத்தியக்காரனாக அலைய வைத்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் இன்ஜினைக் கிளப்பிவிடுகிற செல்ஃப் மோட்டார். இளநீரைவிடச் சின்னது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே எனக்கு ஒரு எலக்ட்ரிகல் கடை. அப்போதே பன்னிரண்டு வருஷம் தொழில் பார்த்திருந்தேன். லாரி டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை நானும் நம்பியிருந்தேன். அதுதான் வினை.

அன்றைக்கு நம் ஊரில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் பட்டன் ஸ்டார்ட் கிடையாது. எல்லாம் காலால் உதைக்கிறவைதான். அர்த்தனாரி கொண்டுவந்தது ஜப்பான் வண்டி. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய யாரோ பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கப்பலில் ஏற்றி வந்தது; இரண்டு மூன்று கை மாறி இவரிடம் வந்திருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த வாதத்தில் வலது கால் சூம்பிப் போனது. அந்தக் காலை ஊன்றலாம், பிரேக்கை அழுத்தலாம், உதைக்க மட்டும் முடியாது. அதனால்தான் தேடிப் பிடித்து அந்தப் பட்டன் வண்டியை வாங்கியிருந்தார்.

அவருக்கு ஒரு கோழி மருந்துக் கடையில் வேலை. பண்ணை பண்ணையாகப் போய்க் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து இருக்கும். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டும், நாள் தவறாமலும் போக வேண்டும். தவறினால் கழிச்சல் நோய் வந்து கொட்டகையே காலியாகிவிடும். பஸ் போகாத பண்ணைகள்தான் பாதி. வண்டி வைத்திருக்கிறார் என்பதற்காகத்தான் முதலாளி அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்.

ஒரு புதன்கிழமை காலையில் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அர்த்தனாரி பின்னாலேயே நொண்டியபடி வந்தார்.

“ஏனுங்கண்ணா, பட்டனை அமுக்குனா பொகை வருதுங்க. வண்டி எடுக்கறதில்லை.”

கழற்றிப் பார்த்தேன். மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே செம்புக் கம்பியால் சுற்றியிருந்த ஃபீல்டு காயில் கருகிக் கிடந்தது. வேறு மோட்டார் வாங்கிப் போட மெட்ராஸிலேயே கிடைக்காது. காயிலைத்தான் புதிதாகச் சுற்ற வேண்டும்.

“எப்பக் கெடைக்குமுங்க?” என்றார்.

“ரெண்டு நாள்ல எடுத்துக்குங்க.”

அந்த வார்த்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள். யோசித்துச் சொன்னதல்ல. நம் பட்டறைகளில் வண்டி உள்ளே வந்ததும் வாயிலிருந்து தானாக விழுகிற வார்த்தை அது. அன்றைக்கு லாரிக்காரர்களிடம் “ரெண்டு நாள்” என்றால் அவர்கள் நாலு நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். நமக்கும் அது தெரியும், அவர்களுக்கும் தெரியும். அர்த்தனாரி லாரிக்காரர் இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

காயில் கட்டுவதற்கு ஆட்டையாம்பட்டிக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம். கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாதிக்கு அவர் கட்டிய காயிலில்தான் தண்ணீர் ஏறியது. மோட்டாரை அவரிடம் கொடுத்தேன். வெள்ளி மாலை அழகாகக் கட்டி, வார்னிஷ் வாசனையோடு கொண்டுவந்து கொடுத்தார். கடையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். ஜம்மென்று சுற்றியது. சனிக்கிழமை காலை வண்டியில் மாட்டினேன். அர்த்தனாரி மருந்து பிளாஸ்கோடு வந்து நின்றார், அப்படியே பண்ணைகளைச் சுற்றுகிற லைனுக்குப் போய்விடலாம் என்று.

பட்டனை அமுக்கினேன். மோட்டார் ‘ஙொய்ய்ங்’ என்று சுற்றியது. இன்ஜின் அசையவில்லை.

மறுபடி அமுக்கினேன். அதே ‘ஙொய்ய்ங்’. மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் சும்மா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிளட்ச் உண்டு. மூன்று சின்ன உருளைகள் உள்ளே இருக்கும். மோட்டார் சுற்றினால் உருளைகள் நெருக்கிப் பிடித்து இன்ஜினைச் சுற்றவைக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பிடியை விட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச். அது பிடிக்கவில்லை என்றால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“கிளட்ச் போச்சுங்க. காயில் கருகுனப்பவே அதுவும் போயிருக்கும். ரெண்டு நாளு ஆவும்” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. பிளாஸ்கைப் பார்த்தார், பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்தார். “சரீங்கண்ணா” என்று நடந்தார்.

கிளட்சைப் பிரித்தேன். மூன்று உருளைகளும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தன. துளித் தேய்மானம் இல்லை. இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். கண் ஒன்றைச் சொல்கிறது, நான் வேறொன்றைச் சொல்லியிருக்கிறேன். எதை நம்புவது? வாடிக்கையாளரிடம் சொல்லியாகிவிட்டதே, அதனால் சொன்னதை நம்பினேன். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தம்பிகளே, கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் என்று யாராவது சொன்னால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை அர்த்தனாரி மறுபடி வந்தார். பஸ்ஸில் போய், இறங்கி மூன்று மைல் நடந்து, ஐஸ் கரைந்துபோய், மருந்தைக் கீழே கொட்டிவிட்டு வந்திருந்தார். எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. என் தலைக்குள் அந்த மூன்று உருளைகளே உருண்டுகொண்டிருந்தன.

“இத்தனை சிரமம் எதுக்குங்க? கிக்கர் இருக்குதில்ல? பண்ணைல யாராச்சும் ஒரு ஒதை ஒதைச்சா வண்டி எடுத்துக்கும். அப்படியே ஓட்டிக்குங்க” என்றேன். பெரிய உபகாரம் செய்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் கிக்கரைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஒதைப்பாங்கண்ணா. மொத மாசம் ஓடி வந்து ஒதைப்பாங்க. ரெண்டாம் மாசம் என்னையப் பாத்ததும் உள்ள போயிருவாங்க. இந்த வண்டி வாங்கறதுக்கு முன்னால நாலு வருசம் அப்படித்தான் ஓட்டுனனுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றால் என்ன ஆகும் தெரியுமா? கோபம்தான் வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனரைத் தேடினேன். அவர் பக்கத்தில் வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, நான் ஒண்ணுந் தெரியாதவன். மோட்டாரு பக்கம் மாறிச் சுத்துதுங்களோ என்னமோ?”

பன்னிரண்டு வருஷத் தொழில்காரனிடம் கோழிக்குச் சொட்டு மருந்து விடுகிற ஆள் கேட்கிற கேள்வி! சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். அவருக்குப் பாடம் நடத்த வேண்டும் என்று தோன்றிவிட்டது. மோட்டாரை மறுபடி கழற்றி, கட்டையில் வைத்து, பேட்டரி ஒயரைக் கொடுத்தேன். சுற்றியது. பிறகு இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தேன். கிணற்று மோட்டார் பக்கம் மாறிச் சுற்றினால் விவசாயி அதைத்தான் செய்வான். இரண்டு ஒயரை மாற்றினால் சரியாகச் சுற்றித் தண்ணீர் வந்துவிடும். இங்கே ஒயரை மாற்றிய பிறகும் மோட்டார் முன்பு சுற்றிய அதே பக்கம்தான் சுற்றியது.

உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில் எனக்குக் கிறுகிறுத்தது. மாற வேண்டியது ஏன் மாறவில்லை? ஆனால் வாய் அதற்குள் பேசிவிட்டது.

“பாத்தீங்களா? எப்படிக் குடுத்தாலும் ஒரே பக்கந்தான் சுத்துது. அப்ப அதுதான் அதோட பக்கம். கோளாறு கிளட்ச்லதான். ரெண்டு நாள் பொறுத்துக்குங்க.”

புரியாத ஒன்றையே ஆதாரமாகக் காட்டினேன் பாருங்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

லேத்தில் கொடுத்து உருளைகளை ஒரு மயிரிழை பெரிதாகக் கடைந்து வாங்கினேன். புதன்கிழமை மாட்டினேன். ‘ஙொய்ய்ங்.’ ரெண்டு நாள் என்றேன். உருளைகளைத் தள்ளுகிற ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாட்டினேன். அதே ‘ஙொய்ய்ங்.’ இதற்குள் கடைக்கு டீ குடிக்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆயில் கெட்டி என்றார் ஒருவர், பேட்டரி போதாது என்றார் இன்னொருவர். மூன்று நாளைக்கு முன்னால் இதையெல்லாம் கேட்டிருந்தால் விரட்டியிருப்பேன். இப்போது ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன். ஆயிலை மாற்றினேன். லாரி பேட்டரியை வைத்துப் பார்த்தேன். ராத்திரி படுத்தால் காதுக்குள் அந்தச் சத்தம். வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை அர்த்தனாரி வந்தபோது ஒரு கேள்வி கேட்டார். “முடியலீன்னாச் சொல்லீருங்கண்ணா. தப்பா நெனைக்க மாட்டேன். சேலத்துல வேற யாருகிட்டயாச்சும் காட்டிக்கறேன். மொதலாளிகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லோணுமில்லீங்க?”

அவர் கதவைத் திறந்தே வைத்துக் கொடுத்தார். ‘எனக்குப் பிடிபடலைங்க’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த இரண்டு வார்த்தை என் தொண்டையை விட்டு வரவில்லை. “சேலத்துல இருக்கறவனுக்கு ரெண்டு மூளையா இருக்குது? நாளன்னிக்கு ஞாயித்துக்கெழமை வாங்க, வண்டிய ஓட்டிக்கிட்டுப் போலாம்” என்றேன். அதைச் சொன்னபோது ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு இம்மியும் தெரியாது.

ஞாயிறு வந்தது. மற்ற பட்டறைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. நான் வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளே வெறித்துப் பார்த்தபடி குந்தியிருந்தேன். அர்த்தனாரி வந்தார். அன்றைக்கு பிளாஸ்க் கொண்டுவரவில்லை; ஞாயிறு என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் குந்தியிருந்த கோலத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மெல்லக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, திறந்திருந்த இன்ஜினுக்குள் அவரும் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இன்ஜின் ஓடறப்ப இந்தச் சக்கரம் எந்தப் பக்கம் சுத்துமுங்க?” என்று உள்ளே இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற ரோட்டாரைக் காட்டினார்.

எந்தப் பக்கம்? எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

“பின் வீலைச் சுத்துனாத் தெரியுமில்லீங்க?” என்றார்.

பிளக்கைக் கழற்றி, கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்பக்கமாகக் கையால் சுற்றினேன். ரோட்டார் மெல்லத் திரும்பியது. லாரி பேட்டரிக்கு நம்பர் போட நான் வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, அது திரும்பிய பக்கமாக ரோட்டார் மேல் ஒரு அம்புக்குறி போட்டார். “இப்ப கியரை எடுத்துட்டுப் பட்டனை அமுக்குங்க.” அமுக்கினேன். மோட்டார் சுற்ற, அது இழுக்கிற சின்னப் பல்சக்கரம் சுற்றியது. அதன் மேலும் அது சுற்றிய பக்கமாக ஒரு அம்புக்குறி போட்டார்.

இரண்டு அம்புகளும் ஒன்றுக்கொன்று எதிராக இருந்தன. மோட்டார் எதிர்ப் பக்கம் சுற்றினால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கிளட்ச் எப்படிப் பிடிக்கும்?

என்னடா இது என்று அந்த இரண்டு கோடுகளையும் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. முதலில் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. “ஒயரை மாத்திக் குடுத்தும் மாறலியேங்க! நீங்களும் பாத்தீங்கல்ல?” என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

“பாத்தனுங்க. அது ஏன்னு எனக்குத் தெரியலீங்க. ஆனா கோடு இப்படித்தான இருக்குது?”

உங்களில் ஐ.டி.ஐ. படித்தவர்கள் இப்போது வாய்க்குள் சிரிப்பது தெரிகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். அந்த வகை மோட்டாரில் வெளியே ஒயரை மாற்றினால் உள்ளே சுழல்கிற ஆர்மேச்சர், அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற ஃபீல்டு காயில் இரண்டிலும் கரண்ட் சேர்ந்தே திரும்பும். அதனால் பக்கம் மாறாது. உள்ளே காயிலின் இரண்டு முனைகளை இடம் மாற்றினால்தான் மாறும். லாரி மோட்டாரில் அந்த முனைகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. மாற்றி வைக்கவே வராது. ஆகவே நான் எந்த மோட்டாரிலும் அடையாளம் போட்டுக் கழற்றியதில்லை. இதிலும் போடவில்லை. ஆட்டையாம்பட்டிக்காரரைப் பிறகு கேட்டபோது தலையில் கைவைத்துக்கொண்டார். “அடக் கெரகமே! கெணத்து மோட்டார்ல பக்கம் பாத்து ஆரு கட்டறாங்க? தண்ணி வரலீன்னா தோட்டத்துக்காரரே ஒயரை மாத்திக்குவாரு. நீங்க சொல்லவும் இல்லை, நான் கேக்கவும் இல்லை.” அவரவர் தொழிலில் அவரவர் சரிதான். இரண்டு சரியும் சேர்ந்து அர்த்தனாரியின் தலையில் விடிந்தது.

முனைகளை மாற்றி ஈயம் வைக்க அரை மணி நேரம். பழைய உருளைகளையே போட்டு மூடினேன். அர்த்தனாரி ஏறி உட்கார்ந்து பட்டனை அமுக்கினார். வண்டி எடுத்தது. அணைத்தார், மறுபடி அமுக்கினார். மூன்று தடவை அப்படிச் செய்தார். குழந்தை மாதிரி முகம் பூரித்துப் போனது அவருக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, “நாளைக்குக் காலைல லைனுக்குப் போயிரலாமுங்க” என்று மட்டும் சொன்னேன்.

“சரீங்கண்ணா, வாரனுங்க” என்று கிளம்பிவிட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியே இருக்க மாட்டேன். மோட்டாரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நல்ல பேர் வாங்கியிருப்பேன். ஒரு மாதம் கழித்துப் பரமத்தி ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் அந்த வண்டியைப் பார்த்தேன். பின்னால் முட்டை அட்டைகள் கட்டியிருந்தன. அர்த்தனாரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மருந்துக் கடை வேலை என்னங்க ஆச்சு?”

“அது போயிருச்சுங்கண்ணா. நீங்க ஞாயித்துக்கெழமை வண்டி குடுத்தீங்கல்ல, அதுக்கு மொத நாளு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை போன ஆளாகத்தான் என் கடைத் தரையில் உட்கார்ந்து அம்புக்குறி போட்டாரா? சொல்லவே இல்லையே? கேட்டேன்.

“சொல்லி என்னங்க பண்றது? வேலை போனாலும் வண்டி வேணுமில்லீங்க?”

“கால் முடியாதவருன்னு நிறுத்திட்டாங்களா?”

“இல்லீங்க. மொதலாளி அப்படிப்பட்டவரு இல்லை. எப்ப வண்டி வரும்னு ஒவ்வொருக்காவும் கேட்டாரு. நீங்க சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். ரெண்டு நாளுன்னேன், மறுக்கா ரெண்டு நாளுன்னேன். நாலு தடவை ஆச்சு. அஞ்சாவது தடவை நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, பொய் பேசற ஆளு எனக்கு வேண்டாம்னுட்டாருங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். டம்ளரை வைத்துவிட்டு, வெயிலுக்கு முன்னால் முட்டையை இறக்க வேண்டும் என்று போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போனேன். முதலாளி பெரிய மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், காயில், கிளட்ச், உருளை, அம்புக்குறி என்று தாறுமாறாக உளறினேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏனுங்க, நீங்க அர்த்தனாரியப் பத்திப் பேசறீங்களா? அந்தாளு சொன்னது நெசந்தானுங்களா?”

“நெசந்தானுங்க. நான் சொன்னதைத்தான் அவரு உங்ககிட்டச் சொன்னாரு.”

“அப்ப பொய் சொன்னது ஆருங்க?”

கடையில் மருந்து வாங்க நாலைந்து பண்ணைக்காரர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் என் கடைக்கு வருகிறவர்கள், என்னைத் தெரிந்தவர்கள்.

“நானுங்க” என்றேன்.